சின்னவளின் மேகம்

மேகத்தில் வியர்வை இருந்தது.

வியர்வை என்று கருவி சொல்லவில்லை. அதற்கு அந்த மாதிரிப் பேச்செல்லாம் தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீரைக் கொடுத்தால் அதில் கரைந்திருக்கும் உப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு மேடு வரைந்து காட்டும். உப்பு அதிகமென்றால் மேடு உயரம், அவ்வளவுதான். பெரியவள் அந்த மேடுகளோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவள். மேகம் கடல்மேல் தவழ்ந்து வந்ததா, சிமென்ட் ஆலைப் பக்கம் சுற்றிவிட்டு வந்ததா, எங்காவது காடு எரிந்த புகையில் குளித்துவிட்டு வந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அன்று சோடியம் நின்ற உயரத்தைப் பார்த்ததும் கடல் என்றுதான் அவளுக்கும் முதலில் தோன்றியது. ஆனால் கடல் உப்பு வந்தால் மெக்னீசியம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். மெக்னீசியம் எழ வேண்டிய இடத்தில் கோடு படுத்துக் கிடந்தது. பதிலுக்குப் பொட்டாசியம் இருந்தது. அதையும் தாண்டி, மேகத்தில் வரவேண்டிய அவசியமே இல்லாத லாக்டேட் இருந்தது. உழைத்துக் களைத்த உடம்பு தோல் வழியாக வெளியே தள்ளுகிற சமாச்சாரம் அது. கையுறை இல்லாமல் யாரோ விரல் வைத்தால் வருகிற படம்.

அந்த விரல் யாருடையது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் சின்னவள் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று திரையைக் காட்டியபோது, பெரியவள் தன் வலது கையை மேசைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

பெரியவள், சின்னவள் என்பதெல்லாம் மாமியார் கூப்பிடுகிற பெயர்கள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து ஒரே ஜீப்பில் ஏறி, ஒரே மலையுச்சி ஆய்வு நிலையத்துக்குப் போய், ஒரே வேலையைப் பார்த்தார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்ததே பெரியவள்தான். வீட்டு ஆள் கூட இருந்தால் துணையாக இருக்குமே என்று டைரக்டரிடம் அவளே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டாள். தன் கையாலேயே கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டோம் என்று பின்னால் அவள் நினைக்காத நாள் இல்லை.

நிலையத்தின் மொட்டை மாடியில் ஓர் அலுமினியப் பெட்டி இருந்தது. முன்புறம் வாய் திறந்திருக்கும், பின்புறம் ஒரு விசிறி, நடுவில் வரிசை வரிசையாக மெல்லிய நைலான் இழைகள். மதியத்துக்கு மேல் மேகம் மலையேறி வந்து கட்டிடத்தை மூடும்போது விசிறியைப் போடுவார்கள். அது மேகத்தை உள்ளே இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத துளிகள் இழையில் மோதி, ஒன்றோடொன்று சேர்ந்து, வழிந்து, கீழே மாட்டிய பாட்டிலில் சொட்டும். மேகம் வருவதற்கு முன்னால் இழைகளைச் சுத்தத் தண்ணீரில் கழுவி, அந்தக் கழுவிய தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து அளப்பார்கள். அதற்கு 'வெறுந்தண்ணி' என்று பெயர். அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. இருந்தால் பெட்டி அழுக்கு, அன்றைய மேகத்தை நம்ப முடியாது.

பெரியவள் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவளுடைய வெறுந்தண்ணியில் துளியூண்டு சோடியம் தலையை நீட்டும். சின்னவளுடையதில் கோடு மேசை விளிம்பு மாதிரி நேராக ஓடும். "சின்ன மேடத்தோட கை சுத்தம்" என்றார் டைரக்டர். அதைச் சின்னவள் வீட்டில் வந்து சொல்ல, மாமியாருக்கு வாயெல்லாம் பல். அடுத்த சிகரத்தில் இதைவிடப் பெரிய நிலையம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தலைமை இந்த இருவரில் ஒருவருக்கு என்று முடிவாகியிருந்தது. அந்த நாற்காலி தனக்கு என்று பெரியவள் பல வருடமாக மனதுக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இப்போது நேற்று வந்தவள் அதில் உட்காரப் போகிறாள். நினைக்கும்போதே அவளுக்கு வயிறு எரிந்தது. அது வெறும் பேச்சுக்குச் சொல்கிற எரிச்சல் இல்லை. நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே ஒரு இடத்தில் சூடாக இருக்கும், இரவெல்லாம் திரும்பித் திரும்பிப் படுப்பாள்.

அப்படி ஒரு நாள்தான் அதைச் செய்தாள். மேகம் வந்து கொண்டிருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் வேறு பாட்டில் எடுக்கக் கீழே போயிருந்தாள். ஏணி ஏறி வந்ததில் பெரியவளின் கழுத்தில் வியர்த்திருந்தது. கையுறையைக் கழற்றி, கழுத்தைத் தடவி, பெட்டியின் வாய்க்குள் கையை விட்டு, ஒரே ஒரு விரலால் ஒரே ஒரு இழையைத் தொட்டாள். சின்னவளின் அன்றைய மேகத்தைக் கெடுக்க அது போதும். கையை எடுக்கப் போன சமயத்தில் விரலை ஏதோ நக்கியது. கன்றுக்குட்டி நக்குவது மாதிரி, வெதுவெதுப்பாக, கொஞ்சம் சொரசொரப்பாக. திடுக்கிட்டுக் கையை இழுத்தாள். உள்ளே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. விரல் நனைந்திருந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

அதெல்லாம் போன வாரக் கதை. அன்றைய படம் கெட்டது, டைரக்டர் முகம் சுளித்தார், சின்னவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லா இழைகளையும் உருவி எறிந்து புதிது கட்டினாள். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"இழை புதுசுக்கா. பாட்டில் புதுசு. வெறுந்தண்ணியைப் பாருங்க, ஒண்ணுமே இல்ல" என்றாள் சின்னவள். அவள் குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். "அழுக்கு பெட்டியில இல்லக்கா. மேகத்துலயே இருக்கு. முந்தாநாள் வந்ததைவிட நேத்து அதிகம், நேத்தைவிட இன்னிக்கு அதிகம். உங்களுக்கு என்ன தோணுது? எங்கேருந்து வருது?"

"கடலா இருக்கும்" என்றாள் பெரியவள்.

"மெக்னீசியம் இல்லையேக்கா."

பெரியவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேகத்தின் ஒவ்வொரு துளியும் ஏதாவது ஒரு பொடியைப் பிடித்துக்கொண்டுதான் உருவாகும். தூசியோ, கரியோ, உப்போ, பற்றிக்கொள்ள ஒன்று வேண்டும். இது இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம். ஜன்னலுக்கு வெளியே மேகம் நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஆனால் யாரோ கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு பார்ப்பது போல அந்தப் பக்கத்துக் கன்னம் மட்டும் சில்லிட்டது.

அன்று மாலையே டைரக்டர் போன் செய்தார். சின்னவளோடு வெகுநேரம் பேசினார். அழுக்கு என்று முகம் சுளித்தவர் இப்போது கண்டுபிடிப்பு என்றார். உலகத்தில் இதுவரை யாரும் இப்படி ஒரு மேகத்தைப் பிடித்ததில்லையாம். சின்னவள் போனை வைத்துவிட்டு, "என் மேகம்கா! அவரே அப்படித்தான் சொல்றாரு, உன் மேகம்னு" என்று பெரியவளைக் கட்டிக்கொண்டாள். பெரியவள் மரம் மாதிரி நின்றாள். அது என் வேர்வைடி, என் கழுத்து வேர்வை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படிச் சொல்வது? சொன்னால் முதலில் சொல்ல வேண்டியது, நான் உன் வேலையைக் கெடுக்க வந்தேன் என்பது. பொறாமைப்பட்டுக் குழி பறித்தாள், குழியில் புதையல் கிடைத்தது, அதுவும் சின்னவளுக்கே. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

வீட்டில் சாப்பாடு சப்பென்று இருந்தது. உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டாள். இன்னும் சப்பென்றே இருந்தது. அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்த கணவன் ஓடிப் போய்த் துப்பிவிட்டு வந்தான்.

"என்ன இது, கடல் தண்ணியை மொண்டு குடிக்கிற மாதிரி இருக்கு? உனக்கு நாக்கு செத்துப்போச்சா?"

"விடுடா. அவளுக்கு இப்ப மனசு எங்கே இருக்கும்? நம்ம சின்னவ பேரு பேப்பர்லயெல்லாம் வரப் போகுதாம்" என்றாள் மாமியார். அவள் கேலியாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அது இன்னும் சுருக்கென்று தைத்தது. குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கண்ணீர் உதட்டில் இறங்கியது. அதை நாக்கால் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணீருக்கு ருசியே இல்லை.

மறுநாள் நிலையத்தின் படிகளை ஓட்டமாக ஏறினாள். மூச்சு வாங்கியது, இதயம் அடித்துக்கொண்டது, கழுத்தைத் தடவினால் காகிதம் மாதிரி உலர்ந்திருந்தது. சின்னவள் மாடியில் இருந்தாள். பெரியவள் ஆய்வறைக் கதவைச் சாத்தினாள். சுத்தத் தண்ணீரை எடுத்து, சோப்பு போடாத, துடைக்காத, காலையிலிருந்து நூறு பொருளைத் தொட்ட தன் வெறும் உள்ளங்கையில் ஊற்றி, விரலிடுக்கெல்லாம் அலசி, கீழே பாட்டிலில் பிடித்தாள். ஒரு சொட்டைக் கருவிக்குக் கொடுத்தாள். பம்பு முனகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாள். சோடியத்தின் இடம் வந்தது. கோடு அசையவில்லை. பொட்டாசியத்தின் இடம் வந்தது. அசையவில்லை. கடைசிவரை கோடு நேராக ஓடி முடிந்தது.

அவள் சிரித்துவிட்டாள். சின்னவளின் வெறுந்தண்ணிகூட ஒரு நாளும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை என்பதுதான் அவள் மனதில் வந்த முதல் நினைப்பு. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அதன் பிறகு மேகம் காற்றைக் கேட்டு வருவதை நிறுத்திக்கொண்டது. மாடியில் காற்றின் வேகம் அளக்கும் கிண்ணங்கள் சுழலாமல் நிற்கும். அடிவாரத்து மரங்களில் ஓர் இலை ஆடாது. அப்படியும் பள்ளத்தாக்கிலிருந்து ஒரே ஒரு வெள்ளைத் திரள், தனியாக, அவசரமில்லாமல், வழி தெரிந்த ஆள் வீட்டுக்கு வருவது போல மலையேறி வந்து, சுற்றியிருக்கும் சிகரங்களையெல்லாம் வெயிலில் விட்டுவிட்டு நிலையத்தின் மேல் மட்டும் கவிழ்ந்து உட்காரும். பெரியவள் கிழக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தால் கிழக்கு ஜன்னல் பால் ஊற்றியது மாதிரி வெளுக்கும். நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிர் மூலைக்குப் போனால், கொஞ்ச நேரத்தில் கிழக்கே மரங்கள் தெரியும், எதிர் மூலையின் சின்ன ஜன்னல் வெளுத்துப் போயிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்கும். நீர் வழிகிற சத்தம் என்று சொல்லலாம். பசித்த வாய் எச்சில் விழுங்குவதும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

சின்னவளுக்குப் பாட்டில் போதவில்லை. மாற்றி மாட்டுவதற்குள் நிரம்பியது. "கால்சியம் வர ஆரம்பிச்சிருக்குக்கா" என்றாள் ஒரு நாள். "சிமென்ட் தூசியா இருக்குமோ?"

பெரியவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரல் நகம் விளிம்பில் அழுந்தி, வலிக்காமல், நனைந்த அட்டை மாதிரி பின்னால் மடிந்தது. "சிமென்ட்டாத்தான் இருக்கும்" என்றாள்.

"முகமெல்லாம் வெளுத்துப் போச்சு உங்களுக்கு. இந்தாங்க, உப்பு சர்க்கரை போட்டுக் கரைச்சுக் கொண்டுவந்திருக்கேன், குடிங்க." சின்னவள் டம்ளரை நீட்டினாள். அவள் கண்ணில் கள்ளம் கிடையாது. இருந்திருந்தால் பெரியவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நல்லவள் என்கிற பெயரும் இவளுக்கே போகட்டும் என்று உள்ளுக்குள் புகைந்தபடியே டம்ளரை வாங்கினாள். வாங்கிய கையோடு கெண்டைக்கால் சுண்டி இழுக்க, டம்ளரோடு தரையில் விழுந்தாள்.

ஆஸ்பத்திரி அடிவாரத்து ஊரில் இருந்தது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவை இரண்டு தடவை பார்த்தார். "உடம்புல உப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. வாந்தி இல்ல, பேதி இல்ல. எங்கே போகுதுன்னுதான் புரியல" என்றார். கையில் ஊசி குத்தி ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் தண்ணீராக ருசித்தது. கெண்டைக்கால் அடங்கியது. போர்வைக்குள் அவளுக்கு வியர்த்தது. நெற்றியைத் தடவி நக்கிப் பார்த்துவிட்டு, உப்புக் கரித்த சந்தோஷத்தில் போர்வைக்குள்ளேயே முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். அந்த ஊருக்கு மேகம் இறங்கி வராது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தூரத்தில் மலையுச்சி தெரியும், அதன்மேல் அசையாமல் ஒரு வெள்ளைத் திட்டு. இனி அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். வேறு வேலை பார்க்கலாம், அல்லது வீட்டிலேயே இருக்கலாம். பிழைத்துக் கிடந்தால் போதும் என்று அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

அப்போதுதான் மாமியார் வந்தாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வயித்துல பால் வார்த்தாங்க போ. உன் வீட்டுக்காரன் மருந்து வாங்கப் போயிருக்கான், வந்துடுவான். நான் கிளம்பணும்மா. இன்னிக்கு மலையில சின்னவளுக்கு விழா மாதிரி. வெளியூர்லேருந்தெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்களாம். எல்லார் முன்னாடியும் மேகத்தைப் புடிச்சுக் காட்டப் போறாளாம். புது ஆபீசுக்கு அவதான் தலைமைன்னு அங்கேயே சொல்லிடுவாங்களாம்." மாமியார் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "பாவம், நீயும் எத்தனை வருஷமா ஓடின. நீ இருந்து பார்க்க முடியலையேன்னுதான் அவளுக்கு வருத்தம். அக்கா இல்லாம எனக்கு என்ன விழான்னு அழறா."

மாமியார் போன பிறகு பெரியவள் எழுந்து உட்கார்ந்தாள். மேலே போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கையில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்தாள். என் உப்பு. என் வேர்வை. அதை வைத்துக்கொண்டு அவள் நாற்காலியில் உட்காருவாள், நான் இங்கே படுத்துக்கொண்டு கைதட்ட வேண்டுமா? விசிறியை நிறுத்தினால் போதும். இழைகளை அறுத்தெறிந்தால் போதும். வந்த பெரிய மனிதர்கள் வெறும் பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஊசியை உருவினாள். ரத்தம் வந்தது. அதைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, செருப்பை மாட்டி, பின்வாசல் வழியாக வெளியேறி, மலைக்குச் சாமான் ஏற்றிப் போகிற ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

கடைசி வளைவுக்குப் பிறகு ஜீப் நகரவில்லை. "ஒண்ணுமே தெரியல மேடம். பகல் மாதிரியே இல்ல" என்றான் டிரைவர். அவள் இறங்கி நடந்தாள். வெள்ளையாக இருந்தது, இருட்டைவிட மோசமான வெள்ளை, கையை நீட்டினால் கை தெரியவில்லை, காலடியில் சரளைக் கற்கள் நெரியும் சத்தம் மட்டும் தன்னுடையது என்று தெரிந்தது, மற்ற சத்தங்களெல்லாம், சொட்டுவதும் வழிவதும் எங்கோ பக்கத்தில் மெதுவாக மூச்சு விடுவதும், யாருடையவை என்று தெரியவில்லை. மேகம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது. மேகத்துக்கு வாசனை கிடையாது. இதில் இருந்தது. கழுவாத தலையணை உறையில், கோடையில் கழற்றிப் போட்ட சட்டையின் காலரில் இருக்கும் வாசனை. அவளுடைய சட்டை, அவளுடைய காலர். தன் வீட்டு அலமாரிக்குள் நடந்து போவது மாதிரி இருந்தது அவளுக்கு.

சுவரைத் தடவிக்கொண்டு போய் ஏணியைப் பிடித்தாள். ஏறினாள். கீழே அறையில் பேச்சுக் குரல்கள், சிரிப்பு, நாற்காலி இழுபடும் சத்தம். டைரக்டரின் குரல் தனியாகக் கேட்டது: "எல்லாப் பெருமையும் இந்தப் பொண்ணுக்குத்தான்." பெரியவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. கடைசிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள்.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை வைத்துப் பெட்டியைக் கண்டுபிடித்தாள். நிறுத்துகிற பொத்தான் பின்னால் இருந்தது. சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவளுக்குப் பொறுமை இல்லை. இழைகளை அறுக்க வாய்க்குள் கையை விட்டாள்.

நக்கியது.

கையை இழுத்தாள். வரவில்லை. யாரும் பிடிக்கவில்லை. வலிக்கவில்லை. நகங்கள் போயின. அதை உணர்ந்தாள். பஞ்சு ஒட்டிய இடத்தில் சில்லென்றது. விரல் நுனிகள் எங்கே முடிகின்றன, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பாட்டிலில் சொட்டும் சத்தம் வேகமாயிற்று. சொட்டு. சொட்டு. பிறகு ஒழுக்கு.

மணிக்கட்டு. முழங்கை.

கத்த வாயைத் திறந்தாள். மேகம் உள்ளே வந்தது. கரித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு, நாக்கு நிறைய உப்பு.

ஏணியில் காலடி கேட்டது. சின்னவள். கையுறை மாட்டியிருந்தாள், கூந்தலைச் சீராக வாரியிருந்தாள், முகம் பளிச்சென்றிருந்தது. மூக்குக்கண்ணாடியில் படிந்த நீரைத் துடைத்துக்கொண்டு நேராகப் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள். நான்தான்டி, விசிறியை நிறுத்து, நான்தான் என்றாள் பெரியவள். பாட்டிலில் ஒரு சொட்டு விழுந்தது.

"அக்கா?" சின்னவள் மூக்கை உறிஞ்சி மோந்தாள். பிறகு தன்னைத் தானே கடிந்துகொள்வது போலத் தலையை ஆட்டிவிட்டு, குனிந்து பாட்டிலைக் கழற்றினாள். "அம்மாடி, எவ்வளவு!" என்றாள். தரையில் ஒரு ஜோடி செருப்பு கிடந்ததை அந்த வெள்ளையில் அவள் பார்க்கவில்லை.

வெளிச்சம். அறை. வளைந்து வளைந்து தெரியும் முகங்கள். சுற்றிலும் கண்ணாடி. டைரக்டரின் பெரிய பற்கள். பின்னால், கையைக் கூப்பிக்கொண்டு, பூரித்துப் போய் மாமியார். மேகத்தைப் பிடித்தவர் தன் பெயரைப் பாட்டிலில் எழுதுவது அங்கே வழக்கம். பேனா கண்ணாடியில் கீறுகிற சத்தம் பெரியவளின் உடம்பெல்லாம் கேட்டது, உடம்பு என்று ஒன்று இல்லாத இடத்திலெல்லாம் கேட்டது. உள்ளேயிருந்து பார்க்க எழுத்துகள் திரும்பித் தெரிந்தன. ஆனாலும் படிக்க முடிந்தது. சின்னவளின் பெயர்.

சின்னவள் ஊசிக்குழாயில் முதல் சொட்டை உறிஞ்சிக் கருவிக்குக் கொடுத்தாள். பம்பு முனகியது. சோடியம் பிரிந்தது. பெரியவளிடமிருந்து ஏதோ ஒன்று, நூல் உருவுவது போல, நீளமாக, தனியாக, உருவிக்கொண்டு போயிற்று. திரையில் மேடு எழுந்தது. எழுந்துகொண்டே போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இன்னொரு தடவை போட்டுக் காட்டும்மா" என்றார் டைரக்டர்.

சின்னவள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு பாட்டிலை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தாள். அவள் முகம் மிக அருகில் வந்தது, மிகப் பெரியதாக, மிக அழகாக. பெரியவளுக்கு வயிறு இல்லை, ஆனாலும் எரிந்தது. மேலேயிருந்து ஊசியின் நுனி தண்ணீரைத் தொட்டு, மெதுவாக, அவள் இமைக்க முடியாத கண்ணை நோக்கி இறங்கியது.